ஆயுள் தடை

“கடைசி நாள்கூட உள்ளே விட மாட்டாளாமா?”

‘மூணு லாடம்’ பப்பில் அன்று எல்லார் வாயிலும் இதே பேச்சு. இருநூறு வருஷக் கட்டடம். அடுத்த வாரம் முதல் கார்ப்பெட் கடை. ஊருக்கு இருந்த ஒரே பப் அதுதான். அதன் கதவு கிறீச்சிடும் சத்தம் இன்னும் என் வாயில் அச்சு அசலாக வரும்.

வில்ஃப் மட்டும் வழக்கம்போல வெளியே, மழையில். கையில், பப்பை நடத்தும் டோரீன் ஆன்ட்டி ஜன்னல் வழியாக நீட்டிய டீ.

கவுண்டருக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கும்: ‘வில்ஃப். ஆயுள் தடை.’ முப்பத்தொரு வருஷமாக. ஏதோ ஒரு கிளாஸை உடைத்தாராம்.

“கல்நெஞ்சுக்காரி!” என்றார் தபால்காரர் பார்ட்டில், ஆன்ட்டி ஊற்றித் தந்த பீரையே உறிஞ்சியபடி.

எனக்குத்தான் எல்லார் குரலும் வருமே! கதவிடுக்கில் வாயை வைத்து, டோரீன் ஆன்ட்டியின் கரகரப்பில் எடுத்துவிட்டேன்:

“யோவ் வில்ஃப்! மழையில என்ன தவமா பண்றே? தடையும் மண்ணாங்கட்டியும்! உள்ள வாய்யா!”

வில்ஃப் முகம் வெளுத்துவிட்டது. ஒரு கால் படியேறியது. மறுகால் வரவில்லை.

“நிஜமாவா டோரீன்?”

கூட்டம் கைதட்டியது. பார்ட்டில் நுரை பொங்க ஒரு கிளாஸை நீட்டினார். “பிடிங்க வில்ஃப்!”

வில்ஃப் கை மெல்ல நீண்டது.

எங்கிருந்தோ பாய்ந்து வந்தார் டோரீன் ஆன்ட்டி. கிளாஸைத் தட்டிவிட்டார். “வெளிய போ! சொன்னா சொன்னதுதான்!” கதவை அறைந்து சாத்தினார். அடுத்து அவர் திருகியதில் என் காது சிவந்தது.

“சீ, இவளும் மனுஷியா!” பாதிக் கூட்டம் கிளம்பிப் போயிற்று. டோமினோ ஆட்டம் பாதியில் நின்றது. ஆன்ட்டி குனிந்து, சிந்திய பீரைத் துடைத்தார்.

மறுநாள் காலை. கதவைப் பூட்டிய ஆன்ட்டி, அந்தப் பலகையை வாசற்படியில் உட்கார்ந்திருந்த வில்ஃப் மடியில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எனக்குக் கொதித்தது. “போகும்போதும் குத்திக்காட்டிட்டுப் போறாங்க பாருங்க! தூக்கிப் போடுங்க, வில்ஃப்.”

அவர் பலகையைச் சட்டைக் கையால் துடைத்தார்.

“அடுக்களையில மாட்டணும்டா. இனிமே என்னைத் தடுக்க அவ இல்லையே,” என்றார். “குடி என்னை முழுங்கிட்டிருந்த நாள்ல, ‘கால்ல விழுந்தாலும் உள்ள விடாதே’ன்னு சொல்லி, நானே என் கையால எழுதி அவகிட்ட கொடுத்தது இது.”