இரவல் காது

"செந்தாமரை, இது யார் காது?"

நரசிம்மன் சார் கேட்ட விதத்திலேயே செந்தாமரைக்கு மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் அவள் செய்த பெண் பொம்மை ஒன்றும் அறியாததுபோல் சிரித்துக்கொண்டிருந்தது.

"என் பொம்மையோட காதுதான் சார்."

"அது எனக்கும் தெரியுது. யார் செஞ்சதுன்னு கேக்கறேன்."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்தது அந்த கம்ப்யூட்டர் சென்டர். ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கம்ப்யூட்டரிலேயே பொம்மை செய்யும் வகுப்பு. காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய்வரும் செந்தாமரைக்கு மதிய பேட்ச். அடுத்த வாரம் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் எடுக்க வருகிறார்கள்; அதற்கு முன் பொம்மைகளை அனுப்பிவைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குள்ளேயே தெரு, கடை, மனிதர்கள் என்று ஓர் ஊரை உருவாக்குகிறார்களாம். நல்ல பொம்மை செய்தவர்களுக்கு அங்கே வேலை. கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

பந்து செய்ய முதல் நாளே வந்துவிட்டது. குடமும் வந்தது, பாதிக் கோட்டை வரைந்து சுற்றிவிட்டால் போதும். புள்ளி புள்ளியாகப் பிடித்து இழுத்ததில் கன்னம்கூட வந்தது. காது மட்டும் மாட்டேன் என்றது. மடிப்புக்குள் மடிப்பு, பள்ளத்துக்குள் பள்ளம். அவள் செய்த ஒவ்வொரு காதும் பொரித்த அப்பளம் மாதிரியே வந்து நின்றது.

போன வாரம்தான் அதே கம்ப்யூட்டரில் காலை பேட்ச் வனமாமலை செய்துவைத்த பொம்மையைத் திறந்து பார்த்தாள். அந்த ஆளை அவள் பார்த்ததுகூட இல்லை. பக்கத்தில் இருந்த கங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாடி இது, பணியாரத்துக்குக் கண்ணு வெச்சாமாரி கீது! இந்த மூஞ்சிய எந்தப் பொண்ணு தாங்குவா?"

செந்தாமரையும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் காது! தொட்டால் சூடாக இருக்கும்போல் அப்படி ஒரு காது. சத்தம் போடாமல் அதை மட்டும் எடுத்துத் தன் பொம்மைக்கு ஒட்டிக்கொண்டாள்.

"நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன். பின்பக்கம் பாரு." நரசிம்மன் சார் பொம்மையைத் திருப்பினார். காது மடலுக்குப் பின்னால் கடுகளவு ஒரு மச்சம். "வனமாமலை பொம்மையிலயும் இதே இடத்துல இதே மச்சம். பொம்மைக்கு யாராவது மச்சம் வெப்பாங்களா?"

எடுத்து ஒட்டிய அவசரத்தில் அவள் பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

"சார், தப்புதான். என் பொம்மைய அனுப்பாம இருந்துராதீங்க சார்."

"அவனை வரச் சொல்லியிருக்கேன். அவன் சம்மதிச்சா அனுப்பறேன். இல்லேன்னா அவ்ளோதான்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் செந்தாமரை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வாசலோடு நின்றுவிட்டது.

"வாப்பா வனமாமலை. ஏன் அங்கயே நின்னுட்ட?"

அவள் மெல்லத் திரும்பினாள். ஒல்லியாக, உயரமாக ஒருவன், கதவு நிலையைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், நான் செஞ்ச மூஞ்சி சுத்தமா தப்பு சார். மாத்திக்கிடட்டுமா?"

"மூஞ்சி கெடக்கட்டும்யா. நீ செஞ்ச காதை இந்தப் பொண்ணு எடுத்துக்கிச்சு. அதுக்கு என்ன சொல்ற?"

செந்தாமரை எழுந்து நின்றாள். "மன்னிச்சிருங்க. எனக்கு காது வரவே இல்ல. வேணாம்னா இப்பவே அழிச்சிடறேன்."

"ஐயையோ, அழிச்சிராதீய!" வனமாமலை பதறினான். "தாராளமா வச்சுக்கிடுங்க."

"பெரிய மனசுதான்" என்றாள் கங்கம்மா. "ஏங்க, மூஞ்சிய அப்டி கோட்ட வுட்டுட்டு காத மட்டும் எப்டிங்க செஞ்சீங்கோ?"

அவன் காதுவரை சிவந்து, செந்தாமரையிடமிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

நரசிம்மன் சாருக்குக் கோபம் இறங்கிவிட்டது. "சரி, காது இவன் செஞ்சது, மத்ததெல்லாம் இவ செஞ்சதுன்னு ரெண்டு பேர் பேரையும் போட்டு அனுப்பிடறேன்."

"கல்யாணப் பத்திரிகைமாரியா சார்?"

"கங்கம்மா, வாயை மூடு. ஒண்ணு மட்டும் செஞ்சுடலாம், அந்த மச்சம் வேணாம். எடுத்துடறேன்."

"அதை மட்டும் எடுக்காதீய சார்" என்றான் வனமாமலை. "இருக்கதை எப்பிடி சார் எடுக்க முடியும்?"

"எங்க இருக்குப்பா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "எங்க கம்பெனி பஸ்ல பொம்பளைங்க சீட்டுக்கு நேர் பின் சீட்டு என்னுது சார். இவிய எனக்கு முன்னால உக்காந்து சன்னல் பக்கம் பாத்துக்கிட்டே வருவாவ. ஒருநாளும் பின்னால திரும்புனதில்ல. மூஞ்சி எப்பிடி இருக்கும்னு இன்னைக்குத்தான் பாக்கேன்."

செந்தாமரையின் கை தானாகக் காதுக்குப் போனது. "பொய்யி! எனக்கு அங்க மச்சமே கிடையாது."

கங்கம்மா அவள் பின்னலை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அய்ய... கீதுடி!"