சுருதி பேதம்

"சுருதி சேர்க்க வேண்டாங்க. இருக்கிறதைக் கெடுத்துக் கொடுங்க, அது போதும்," என்றார் பல் டாக்டர்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எலி குடும்பம் நடத்திய பியானோவைக்கூட அவர் தேற்றி எடுத்திருக்கிறார். கெடுக்கச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

"நல்லா இருக்கிற பல்லைப் பிடுங்கச் சொன்னா நீங்க பிடுங்குவீங்களா, டாக்டர்?" பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டர் பதறிப்போய் அங்குமிங்கும் பார்த்தார். அலமாரியில் கைக்கு அகப்பட்ட இசைத்தட்டு ஒன்றை உருவிச் சுழலவிட்டார். "இந்த மாதிரி கேக்கணும். அதான்... அதான் என் ஆசை."

அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசை. ஒரே ஒரு பியானோ. இடக்கை, பருத்த மனிதர் அவசரமில்லாமல் படியிறங்குவதுபோல் நடந்தது. வலக்கை அழுதுகொண்டே கிண்டலடித்தது. சுருதி எப்போதோ கழன்று போயிருந்தது. அந்த விலகலில்தான் உயிரே இருந்தது.

"கர்மம்," என்றார் சுருதிக்காரர். கால் மட்டும் தாளம் போட்டது.

தட்டு முடிந்ததும் அவரே, "இன்னொரு தடவை போடுங்க," என்றார்.

அதற்கடுத்த தடவை அவரே எழுந்து போட்டுக்கொண்டார். சாப்பாட்டு நேரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் எதை விரட்டி விரட்டி அடித்தோமோ அதில் இவ்வளவு சுகமா என்று வியந்தார். தந்தி முறுக்கும் திருகியை எடுத்து, தட்டைக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு தந்தியையும் பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் தளர்த்தினார். டாக்டர் மூலையில் கண்மூடி உட்கார்ந்திருந்தார். மனிதர் லயித்துப் போய்விட்டார் போலிருக்கிறது.

வேலை முடிந்தது. "உங்களை மாதிரி ரசிகரை நான் பார்த்ததில்லை. ஒண்ணு வாசிங்க, டாக்டர்."

கிட்டே போய்த் தோளைத் தொட்டார். டாக்டர் கண் திறந்து, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"முடிஞ்சுதா? எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. பியானோ என் சம்சாரத்தோடது. பொழுது விடிஞ்சா பொழுது போனா அவளுக்கு இதான் வேலை. இனிமே தொடமாட்டா."

வாசல் கதவு திறந்தது. கடைக்குப் போய் வந்த டாக்டரின் மனைவி, பழக்க தோஷத்தில் கைப்பையோடே உட்கார்ந்து கட்டைகளை அழுத்தினாள். நிறுத்தினாள். மறுபடி அழுத்தினாள். கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, என்னோட புளூஸ் ரெக்கார்டுல வர்ற அதே சத்தம். இது வரலையேன்னுதானே நான் இத்தனை நாளும் அரை மனசா வாசிச்சிட்டிருந்தேன்."