மூன்று மணி நேரம்

முதலாண்டு வகுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

விடுப்பு முடிந்து கல்லூரிக்கு வந்து துறைக்குள் நுழைந்ததும் அவளுக்குச் சொன்ன முதல் செய்தி அதுதான். நல்ல செய்தியாகத்தான் சொன்னார்கள்.

எல்லோரும் கூடிப் பேசி எடுத்த முடிவாம். மெக்கானிக்கல் முதலாண்டு என்றால் வகுப்பு முழுக்கப் பையன்கள். பதினேழு, பதினெட்டு வயது. அவள் மகன் முகிலுக்கும் அதே வயது. மே மாதம் பைபாஸில் பைக் விபத்தில் போய்விட்டான். இருந்திருந்தால் அவனும் இந்நேரம் ஏதோ ஒரு கல்லூரியில் முதலாண்டு.

"அந்தப் பசங்க மொகத்த தெனமும் பாத்தா உங்களால தாங்க முடியாது மேடம்," என்றார் துறைத்தலைவர் தங்கமாரியப்பன்.

சரிங்க சார் என்றாள். நன்றி என்றும் சொல்லித் தொலைத்தாள்.

அந்த முகங்களைப் பார்க்கத்தானே வந்தாள்!

படுத்தே கிடந்தவளை எழுப்பிச் சேலை கட்ட வைத்ததே அந்த வகுப்புதான். அரும்பு மீசைகள். கடைசி பெஞ்சில் ஒருத்தன் கொட்டாவி விடுவான். ஒருத்தன் மேசைக்கடியில் போனை நோண்டுவான். எழுப்பி நிறுத்தித் திட்டலாம். பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

இதைப் போய் யாரிடம் சொல்வது? சொன்னால் இன்னும் அன்பாக நடத்துவார்கள். அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது.

அன்புக்கு ஒரு குறையும் இல்லை. அவள் வகுப்பை ஏற்றுக்கொண்ட பெனாசிர், தினமும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்தாள். இவள் தலையைக் கண்டதும் ஆசிரியர் அறையில் பேச்சு மாறியது. தங்கள் பிள்ளைகளைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. முகில் என்ற பெயரை அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

நல்ல மனிதர்கள். அவர்களிடம் கோபப்படவும் வழியில்லை.

செமஸ்டர் தேர்வு வந்தது.

தேர்வறைக் கண்காணிப்பு என்றால் துறையில் எல்லோருக்கும் எரிச்சல். போன் கூடாது, புத்தகம் கூடாது. மூன்று மணி நேரமும் பையன்களைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் வேலை.

முதலாண்டுத் தேர்வு அத்தனைக்கும் தன்னையே போடச் சொல்லிக் கேட்டாள்.

மேடம் தேறிவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

முதல் தேர்வு. தலை குனிந்து எழுதினார்கள். வரிசை வரிசையாக நடந்து, ஆசை தீரப் பார்த்தாள். பேனாவைக் கடிப்பவன். தாடைப் பருவைக் கிள்ளுபவன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டு வந்தவன்.

ஏன் பார்க்கிறாய் என்று கேட்க அங்கே ஆளில்லை.

பாதி நேரம் தாண்டியதும் ஜன்னலோரத்துப் பையன் எழுந்து வந்தான். எழுதி முடித்துவிட்டானாம். விடைத்தாளை நீட்டினான்.

அவளுக்குக் கை நீளவில்லை.

"இன்னும் நேரம் இருக்குப்பா. கொஞ்சம் உக்காரு."

அவன் ஒன்றும் புரியாமல் போய் உட்கார்ந்தான்.

அதற்குள் பின்வரிசையில் இன்னொருவன் எழுந்து நின்றான்.