முதல் இடத்து டிஸ்க்

பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதும், அதிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் புதுக் கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். அங்கே முதல் இடத்தில் வேறொரு டிஸ்க் ஏற்கெனவே சம்மணம் போட்டிருந்தது. நம்முடையதற்கு இரண்டாம் இடம்தான் கிடைத்தது.

ஸ்விட்சைப் போட்டார்கள். டிஸ்க் வழக்கம்போலத் தன் குறிப்பைப் படித்தது: "கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் முதல் இடத்து டிஸ்க்கில் இருக்கிறது." ஓடிப்போய்ப் பார்த்தால், அங்கே வெறும் கல்யாணப் போட்டோக்கள்!

"ஐயோ, லினக்ஸைக் காணோமே!" என்று அலறியது. திரை முழுக்க அதே அலறல்.

"பதறாதீங்க. அது யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டது மதர்போர்டு.

"முதல் இடத்துக்காரர்கிட்டதான். எட்டு வருஷமா அங்கே போய்த்தான் லினக்ஸை எழுப்புறேன்."

"பழைய கம்ப்யூட்டர்ல அந்த முதல் இடத்துல உட்கார்ந்திருந்தது யாரு?"

"அது வந்து... நான்..."

டிஸ்க்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தது. லினக்ஸ் குளித்துத் தலைவாரி, எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது.

"இனிமே குறிப்புல இடத்தை எழுதாதீங்க, பேரை எழுதுங்க. உங்க பேர் என்ன?" என்றது மதர்போர்டு.

டிஸ்க் தன் முதுகில் ஒட்டியிருந்த லேபிளை எட்டிப் பார்த்தது.