மோவாயில் மச்சமுள்ள ராட்சசி

அன்று கூடத்தில் ஆறு பேர் இருந்தோம். என் மனைவி, மருமகள், மகள், மாப்பிள்ளை, ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் அண்ணன், நான்.

மருமகள் வரைந்த படம் சுவரில் சாய்ந்திருந்தது. கண்காட்சிக்குத் தேர்வான அவளுடைய முதல் படம். ஏற்றிப்போக வண்டி வந்துகொண்டிருந்தது.

இருண்ட காடு. நடுவில் மர உயரத்துக்கு ஒரு ராட்சசி. வேர் வேராகத் தலைமுடி, கோரைப்பல், மோவாயில் மச்சம்.

மகள்தான் முதலில் கண்டுபிடித்தாள். "அம்மா! இது உன் மச்சம்!"

எல்லோரும் என் மனைவியின் மோவாயைப் பார்த்தோம்.

"மாமியாரை ராட்சசின்னு ஊருக்கே காட்டப் போறாங்களா? இந்தப் படம் வாசலைத் தாண்டக் கூடாதும்மா!"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இருட்டுன்னா மனக்கசப்பு. பல்லுன்னா கொடுமை. காலடியில பாரு, விளக்கோட ஒரு சின்னப் பொண்ணு. அது இவதான். ராட்சசிகிட்ட மாட்டிக்கிட்டாளாம்."

"அத்தை பெயிண்ட் வாங்கிக் கொடுத்ததுக்கு நல்ல மரியாதை!" என்றார் மாப்பிள்ளை.

"அத்தை..." என்று மருமகள் ஆரம்பித்தாள். என் மனைவி கையமர்த்தினாள்.

"ஏன் பெரியவரே, அந்தப் பொண்ணு முகத்துல பயம் இருக்கா?"

அண்ணன் குனிந்தார். "இல்லை... சிரிக்குது."

"ராட்சசி யாரைப் பார்த்துப் பல்லைக் காட்டறா?"

"புதருக்குள்ள நரிங்க இருக்கு. அதுங்களைப் பார்த்து."

"அவ்வளவுதான் விஷயம்." என் மனைவி இடுப்பில் கையை ஊன்றிப் படத்தின் பக்கத்தில் போய் நின்றாள். அச்சு அசல் அதே நிற்பு. "இவ முதல்ல என்னை வனதேவதையாத்தான் வரைஞ்சா. மான்குட்டி, பூவெல்லாம் வெச்சு. நான்தான் அழிக்கச் சொன்னேன். தேவதை வரம் குடுத்துட்டு மறைஞ்சுடும். இங்க வர்றவங்க எல்லாம், 'வீட்டு வேலையை விட்டுட்டுப் பொம்மை போடறா'ன்னு ஊளையிடறாங்களே, அதை விரட்ட ராட்சசிதாண்டி வேணும்னேன்."

"பல்லை இன்னும் நீட்டச் சொல்லி ஒரே அடம்," என்றாள் மருமகள் மெதுவாக.

மகள் குனிந்து புதரை உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளையும் குனிந்தார். அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மறுபடி துடைத்தார்.

"அண்ணி... இந்த நரிங்க யாரையாவது பார்த்து வரைஞ்சதா?" என்றாள் மகள்.

"சேச்சே, சும்மா நரிங்கதான்."

வாசலில் ஹாரன் கேட்டது. மாமியார் ஒரு பக்கம், மருமகள் ஒரு பக்கம் பிடித்துப் படத்தைத் தூக்கினார்கள்.

"பார்த்துடி, என் பல்லு நிலையில இடிச்சிடப் போகுது! ஊர் பூரா பார்க்கட்டும், வரைஞ்சது என் மருமக, நிக்கிறது நான்!"

நான் உள்ளே போய் ஆறு டம்ளர் காபி கலந்து எடுத்துவந்தேன். அதற்குள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அண்ணனுக்கும் எங்கிருந்தோ அவசர வேலை வந்து, கிளம்பிவிட்டிருந்தார்கள்.

மூன்று டம்ளர் மிச்சம்.