ஆற்றங்கரை முனிசிபாலிட்டி

"என்னை அடையாளம் தெரியுதானு மட்டும் கேளு சாமி" என்றாள் சந்திரம்மா.

ஸௌரிராஜன் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். திருப்பதிக்குப் போகிற வழியில் நகரியில் இறங்கியவரை, பிரெஞ்சு தெரிந்தவர் என்று கேள்விப்பட்டு ஸ்டேஷனிலிருந்தே கையோடு அழைத்து வந்திருந்தாள்.

தட்டின் முன்னால் அவள் மகன் செங்கல்வராயன் உட்கார்ந்திருந்தான்.

மீசை முளைக்கும் வயதில் பிரான்சுக்குக் கப்பலேறியவன். அங்கே ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடி. உயிர் பிழைத்தது, தமிழ் பிழைக்கவில்லை. பிரெஞ்சு மட்டும் வாயில் நின்றது. போன வாரம்தான் கொண்டுவந்து விட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா வாசலில் எட்டிப் பார்த்தான்.

"நகரி தமிழா தெலுங்கானு ஊரே அடிச்சிக்கினு கீது. உன் புள்ள ரெண்டும் வாணாம்னு உட்டுட்டானே, அக்கா."

சந்திரம்மா மகனின் தட்டில் குழம்பை ஊற்றினாள்.

ஸௌரிராஜன் எடுத்த எடுப்பில் கேட்கத் தயங்கினார். எந்த ஊர் என்று பிரெஞ்சில் பேச்சைத் தொடங்கினார்.

செங்கல்வராயனின் முகம் மலர்ந்தது. நிறுத்தாமல் பேசினான்.

"சின்ன முனிசிபாலிட்டியாம். ஆத்தங்கரையாம்" என்று சந்திரம்மாவிடம் சொன்னார் ஸௌரிராஜன்.

"நம்ம ஆத்தத்தான் சொல்றான்" என்றாள் அவள்.

அந்த ஆற்றில் வருஷம் முழுக்கப் படகு ஓடுமாம். மேயரே ரொட்டிக்கடை வைத்திருக்கிறாராம். வெள்ளம் வந்தால் நாற்காலிகளை மேஜைமேல் ஏற்றிவிட்டு, எல்லோரும் மாடியில் சீட்டாடுவார்களாம். பிரெஞ்சைத் தவிர வேறு பேச்சே அங்கே காதில் விழாதாம்.

இதையெல்லாம் ஸௌரிராஜன் அவளிடம் சொல்லவில்லை.

செங்கல்வராயன் அவளைக் கண்ணால் காட்டி, குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டான்.

"இன்னா கேக்கிறான் சாமி? என்னைத்தானே?"

ஸௌரிராஜன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"குழம்பு நன்னா இருக்காம். இன்னும் கொஞ்சம் வேணுமாம்."

"பெத்தவ கையி. நாக்குக்குத் தெரியாம போவுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

அவன் கேட்டது வேறு.

"பாவம், இந்த அம்மாளுக்குப் பிள்ளைகள் யாரும் இல்லையா?"

"ஒரே பிள்ளை" என்றார் ஸௌரிராஜன், பிரெஞ்சில். "பெயர் செங்கல்வராயன்."

அவன் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தான். நாக்கு புரளவில்லை. மறுபடியும் முயன்றான். தனக்குள் சிரித்துக்கொண்டான்.

உள்ளே கரண்டிச் சத்தம் கேட்டது.

"அவன் எப்போது வருவான்?"