நின்றுபோன மாப்பிள்ளை

நாலாவது தடவையாக மாப்பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றுபோனார். "தம்பி, சிங்கப்பூர்ல தங்கியிருக்கறது எந்தப் பக்கம்?" என்று அரங்கநாதன் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார். கம்ப்யூட்டர் திரையில் பூவரசனின் முகம் ரேஷன் கார்டு போட்டோ மாதிரி அசையாமல் இருந்தது. சத்தமும் இல்லை.

"உங்க வூட்டு நெட்டு சரியில்லீங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா செல்லப்பன். சொல்லிவிட்டு இன்னொரு கை முந்திரியை அள்ளிக்கொண்டார்.

அரங்கநாதனுக்கு மானம் போனது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றி முந்திரி வியாபாரத்தில் நாலு பேர் மதிக்கிற ஆள், ஒரு பாழாய்ப்போன டப்பாவிடம் தோற்று நிற்கிறார். மகள் இலக்கியாவுக்கு ஏற்கெனவே மூன்று வரன் கடைசி நேரத்தில் கைநழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையாம். அதனால் ரெண்டு ஊர் தள்ளியிருந்து அவருடைய அப்பாவும் அம்மாவும் மட்டும் பூவோடு வந்திருந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்தே செல்லில் பெண்ணைப் பார்ப்பார். பிடித்தால் இன்றைக்கே பூ வைத்துவிடுவது என்று பேச்சு. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். மணி ஒன்பதரை ஆகியிருந்தது.

பெண்ணைப் பார்க்கிறபோது நெட்டு என்னவோ தங்கமாகத்தான் வேலை செய்தது. பிடிச்சிருக்கு என்று மாப்பிள்ளை கணீரென்று சொன்னார். கம்பெனி பேர் என்ன என்று கேட்டதும் முதல் தடவை நின்றார். என்ன வேலை என்றதும் இரண்டாவது. அடுத்து எப்போ வருவீங்க என்றதும் மூன்றாவது.

கேபிள் போட்ட சரத்குமாரை வரச் சொல்லி, பைக்கை நிறுத்தக்கூட விடாமல் உள்ளே இழுத்து வந்தார் அரங்கநாதன். அவன் ரவுட்டரை அணைத்துப் போட்டான்; லைன் திரும்பி வந்தும் மாப்பிள்ளை அதே கோலத்தில்தான் இருந்தார். வயரைக் கழற்றி நேராகக் கம்ப்யூட்டரில் செருகினான். வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, நூறுக்கு நூறு வருகிறது, இந்த வீட்டில் ஒரு கோளாறும் இல்லை என்றான். அரங்கநாதன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு மறுபடி வயரைக் கழற்றினான்.

ஆளாளுக்கு செல்லை நோண்டுவதால்தான் நெட்டு இழுக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே கூடத்தில் இருந்த ஒன்பது செல்லையும் வாங்கி, அணைத்து, வெற்றிலைத் தாம்பாளத்தில் அடுக்கிவிட்டார் அரங்கநாதன். செல்லப்பன் மட்டும் தன்னுடையதைக் கொடுக்க ரொம்பத் தயங்கினார். அதையும் மரியாதையாகப் பிடுங்கி அடுக்கியாயிற்று.

அரங்கநாதனின் அக்கா கண்ணகி தன் பங்குக்கு ரவுட்டருக்குச் சூடம் சுற்றிப் போட்டாள். சுற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"கோட்டு போட்டுக்கிட்டு ஃபேனுக்கடியில உக்காந்திருக்காரே, பாவம். அது என்னா சுத்து சுத்துது! அங்கெல்லாம் ஏசி கெடையாதா?"

"அவனுக்கு ஏசி சேராதுங்க. சளி புடிச்சுக்கும்" என்றார் செல்லப்பன்.

இலக்கியாவுக்கு எரிச்சலாக வந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு இதே கம்ப்யூட்டரில்தான் அவள் தினமும் வேலை பார்க்கிறாள். காலையில்கூட ஒரு மணி நேரம் மீட்டிங்கில் பேசினேன், ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று அப்பாவின் காதைக் கடித்தாள். பூ வைக்கப் போகிற நேரத்தில் வாயை மூடிக்கொண்டிரு என்று அவர் பல்லைக் கடித்தார்.

இதற்கு நடுவில் இன்னொரு இடி. மாதாந்திர வேலைக்காகச் சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் பத்து மணிக்குக் கரண்டை நிறுத்தப்போவதாக நேற்றே செய்தி வந்திருந்ததைச் சரத்குமார் ஞாபகப்படுத்தினான். அதற்கென்ன, கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நம்ம வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது என்று அரங்கநாதன் நெஞ்சை நிமிர்த்தினார். செல்லப்பன் வாயில் போட்ட முந்திரியை மெல்லாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தாக இரண்டு நிமிடம்.

"எதுக்குங்க சும்மா நோண்டிக்கிட்டு?" என்று சட்டென்று எழுந்தார். "பையன்தான் சரின்னுட்டானே. பூவ வச்சிடுவோம். மத்ததெல்லாம் நெட்டு சரியானதும் பேசிக்கலாம். கம்ப்யூட்டர அணைங்க மொதல்ல."

அரங்கநாதன் ஒரு நிமிடம் யோசித்தார். நாலு கேள்வி கேட்க ஆசைப்பட்டு, நல்ல இடத்தைக் கோட்டைவிட்டுவிடக் கூடாது. வீட்டில் நெட்டு சரியில்லை என்பதற்காகவா பெண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது?

"வைங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா மல்லிகைச் சரத்தை எடுத்துக்கொண்டு அவசரமாக இலக்கியாவிடம் வந்தார். கரண்ட் போனது. கூடத்து ஃபேன் நின்றது. இன்வெர்ட்டர் கூவிக்கொண்டு கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடித்தது. யாரும் அதைச் சட்டை பண்ணவில்லை.

இலக்கியா மட்டும் பூவுக்குத் தலையைக் குனியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மாப்பிள்ளைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவாகி, மெதுவாகி, நின்றது. அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையைத் தூக்கி அதைப் பார்த்தார். பிறகு கோட்டுப் பொத்தானைக் கழற்றிக் காற்று வாங்க ஆரம்பித்தார்.

நீட்டிய பூவைக் கையால் தடுத்துவிட்டு இலக்கியா சொன்னாள்:

"அப்பா, சிங்கப்பூர்லயும் கரண்ட் போயிடுச்சு."